ஊர் கூடி எழுதும் மென்பொருள்

கட்டற்ற மென்பொருள் குழுக்கள் தமக்குரிய கூட்டுவேலைக் கருவிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பழைய மகாபலிபுரம் சாலையும், வண்டலூரிலிருந்து கிழக்கு நோக்கி வரும் சாலையும், கோவளத்துக்குப் பிரியும் சாலையும் கூடுமிடத்தில் அமைந்த கேளம்பாக்கம், ஒரு தலைமுறைக்கு முன்புவரை உப்பளங்களையும் உப்பங்கழியையும் கொண்டே வெளியூராரால் அறியப்பட்டது. இன்று வடக்கே சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும், மேற்கே வண்டலூர்ச் சாலையில் வி.ஐ.டி.யின் சென்னை வளாகமும் மேலக்கோட்டையூர் ஐ.ஐ.ஐ.டி.டி.எம். நிறுவனமும், தெற்கே காலவாக்கத்தில் எஸ்.எஸ்.என். கல்லூரியும் சூழ்ந்து நிற்க, மென்பொருள் எழுதுகிறவர்களும் எழுதக் கற்கிறவர்களும் நெருங்கி வாழும் பிரதேசமாக அது மாறிவிட்டது. ‘டிக்கெட்டை மூடியாயிற்றா?’, ‘ஸ்பிரிண்ட் என்றைக்கு முடிகிறது?’ என்கிற விசாரணைகள் தேநீர்க் கடை வாசலிலேயே காதில் விழுகின்றன.

பகலெல்லாம் நிறுவனத்துக்காக நிரல் எழுதும் இவர்களில் சிலரும், இவர்களைக் காட்டிலும் அதிக உற்சாகத்தோடு கல்லூரி மாணவர்கள் பலரும், மாலை வேளையிலும் விடுமுறை நாட்களிலும் கட்டற்ற மென்பொருள் முயற்சிகளில் ஈடுபடுகிறார்கள். அங்கே சம்பளம் கிடையாது, மேலதிகாரி கிடையாது. மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்கிற ஒரே உடன்படிக்கை அவர்களைப் பிணைக்கிறது. இத்தகைய குழு ஒன்று தோன்றியவுடன் என்ன எழுதுவது என்று வாரக்கணக்கில் விவாதிக்கிறது. சேர்ந்து வேலை செய்வதற்குக் கருவி எது என்ற கேள்விக்கோ, ஒரு வாட்ஸ்அப் குழுவைத் திறந்து ஒரே நிமிஷத்தில் விடை கண்டுவிடுகிறது. அந்த அவசர விடையால் நேர்வது என்ன, நிதானமாகத் தேடினால் கிடைக்கக்கூடிய விடை எது என்பவற்றை இங்கே பரிசீலிப்போம்.

அலுவலகத்தின் தேவை, சமூகத்தின் தேவை

சிறுசேரியில் பழகிய கை இயல்பாக நாடுவது ஜிராவை. ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் 2002-இல் வெளியிட்ட அந்தக் கருவியும் அவ்வகையைச் சேர்ந்த மற்றவையும், எவர் எந்த வேலையை எந்த நாளுக்குள் முடிப்பார் என்பதை ஒரு மேலாளர் ஒரே பார்வையில் அறிந்துகொள்ளும்பொருட்டு அலுவலகங்கள் வைத்துக்கொள்பவை. அங்கே பணிபுரிகிறவர் அனைவரும் நியமனம் பெற்றவர்கள். கருவி பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் தினந்தோறும் அதில் நுழைந்து நிலவரத்தைப் பதிந்தாக வேண்டிய கடமை உடையவர்கள்.

கட்டற்ற மென்பொருள் சமூகத்தில் இந்த நிபந்தனைகளில் ஒன்றுகூட இல்லை. திருநெல்வேலியிலோ டொராண்டோவிலோ இருக்கும் முன்பின் அறியாத ஒருவர், இரவு உணவுக்குப் பின் கிடைத்த அரைமணி நேரத்தில் திட்டத்தின் பக்கத்துக்கு வந்து, செய்யப்படாமல் கிடக்கும் வேலை எது, அதை எங்கே தொடங்குவது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்ற மூன்றையும், எவரிடமும் அனுமதி கேளாமல், கணக்குத் திறக்கும் சிரமம்கூட இல்லாமல் அறிந்துகொள்ள முடிந்தால்தான் அவர் ஒரு வரி திருத்தி அனுப்புவார். முடியாவிட்டால் ஓசையின்றித் திரும்பிவிடுவார், அவர் வந்துபோனது குழுவுக்குத் தெரியவும் தெரியாது. அலுவலகக் கருவி மேலாளரின் பார்வைக்காக ஏற்பட்டது. சமூகக் கருவி அந்நியரின் பார்வைக்காக ஏற்பட வேண்டியது. தேர்வு பற்றிய மற்ற விஷயங்கள் எல்லாம் இந்த வேற்றுமையிலிருந்தே பிறக்கின்றன.

இதை மறந்து, அலுவலகத்தின் பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட பலகையையும், கட்டாயமாக நிரப்ப வேண்டிய இருபது இடங்களையும் தன்னார்வக் குழுவுக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள், சில வாரங்களில் அந்தப் பலகையைத் தாங்கள் மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பதை உணர்கிறார்கள். ஜிராவின்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. அபாச்சி அறக்கட்டளை அதே ஜிராவைப் பொதுமக்கள் எவரும் படிக்கும்படி திறந்துவைத்துப் பெரிய திட்டங்கள் பலவற்றை நடத்திவருகிறது. மறுபுறம், டெபியன் திட்டம் கணக்கு எதுவும் தேவைப்படாத, மின்னஞ்சல் ஒன்று அனுப்பினாலே பதிவாகிவிடுகிற, பார்வைக்கு அழகில்லாத தன் பழைய பிழைப்பதிவு முறையை 1990களிலிருந்து விடாமல் வைத்துக்கொண்டு, அதில் பத்து லட்சமாவது எண்ணையும் தாண்டிவிட்டது. அழகைக் காட்டிலும் அணுகுவதற்கு எளிமையே நெடுங்காலம் நிலைக்கிறது.

ஒரு பிழையின் சரித்திரம்

தமிழ் நூல்களை பி.டி.எஃப். வடிவில் வெளியிட உதவும் ஒரு சிறு மென்பொருளைக் கல்லூரிக் குழு ஒன்று எழுதிவருவதாகக் கொள்வோம். அதைப் பயன்படுத்திப் பார்த்த ஆசிரியை ஒருவர், ‘எழுத்து உடைகிறது’ என்று எழுதி, கைப்பேசியில் எடுத்த மங்கலான படம் ஒன்றையும் சேர்த்து, இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். ‘எனக்குச் சரியாக வருகிறதே’ என்று ஒருவர், ‘எழுத்துருவை மாற்றிப் பாருங்கள்’ என்று மற்றொருவர், கட்டைவிரலை உயர்த்தி மூன்றாமவர். பொழுது விடிவதற்குள் பிறந்தநாள் வாழ்த்துகளும் வேலைவாய்ப்பு விளம்பரமும் அதன்மேல் ஏறி அமர்ந்துவிடுகின்றன. சில மாதங்கள் கழித்து வேறொருவர் அதே குறையை அதே சொற்களில் எழுப்பும்போது, முன்பு நடந்த பேச்சு அவருக்குத் தெரிய வழியில்லை. அவர் குழுவில் சேர்வதற்கு முன் நிகழ்ந்த சம்பாஷணை முழுவதையும் அந்தக் கருவி அவருக்குக் காட்டாது. குழுவில் சேர்ந்தவர் ஒவ்வொருவரின் தொலைபேசி எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது என்பதால், சேரவே தயங்குகிற மாணவிகள் பலர் இருக்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது.

இதே குறை ஒரு பிழைப்பதிவுக் கருவியில், நம் இளைஞர்கள் ‘இஷ்யூ’ என்று வழங்கும் முறையில் பதிவாகியிருந்தால் நிகழ்வது வேறு. அதற்கு ஓர் எண் கிடைக்கிறது. ‘பி.டி.எஃப். ஏற்றுமதியில் ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் விழுகிறது’ என்று தலைப்பு அமைகிறது. எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, என்ன செய்தபோது நேர்ந்தது, என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது என்ற ஐந்து கேள்விகளையும் அந்தப் படிவமே கேட்டு வாங்கிக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தோடு அந்த மூல வாக்கியத்தையும் இணைக்கச் சொல்கிறது. இங்கே மூல வாக்கியம் மிக முக்கியம். யூனிகோடில் ‘கெ’ என்ற எழுத்தின் கொம்பு, கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும், சேமிப்பில் ககரத்துக்குப் பின்னால்தான் நிற்கிறது. அதை முன்னால் நகர்த்திக் காட்டுவது எழுத்தைத் திரையில் அமைக்கும் நிரலின் பொறுப்பு. ‘கொ’ என்பதிலோ ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரலுக்கு வேறு வேறு. ஆகையால் படத்தை ஆயிரம் முறை உற்றுப் பார்த்தாலும் புலப்படாத காரணம், ஒட்டப்பட்ட வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்த மாத்திரத்தில் புலப்பட்டுவிடும்.

குறையைத் திருத்துகிற மாணவர் தம் திருத்தத்தில் அந்த எண்ணைக் குறிப்பிடுகிறார். எந்தப் பதிப்பில் சரியானது என்ற செய்தியோடு பதிவு மூடப்படுகிறது. பின்னால் இதே குறையைத் தேடி வருகிறவர், கேள்வியையும் விசாரணையையும் தீர்வையும் ஒரே இடத்தில் காண்கிறார். ஆசிரியையின் இரவு பத்து மணிச் செய்தி அவ்வாறு பொதுச்சொத்தாகிறது.

ஆலமரத்தடியிலிருந்து ஆரம்பித்த ஒரு பாடம்

கருவிகளை ஊரறியப் பரிசீலித்துத் தேர்ந்தெடுத்த சமூகம் ஒன்றை உதாரணமாகக் காட்ட வேண்டுமானால், தமிழர்கள் நெருங்கி அறிந்த விக்கிப்பீடியாவையே காட்டலாம். 2003-இல் தொடங்கி 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்த தமிழ் விக்கிப்பீடியாவில், பொது விஷயங்களை எல்லோரும் கூடிப் பேசும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். தளத்தின் அமைப்பில் ஒரு மாற்றம் வேண்டுமென்றால், முதலில் அங்கே பேசி உடன்பாடு காண வேண்டும். பிறகு விக்கிமீடியாவின் பொதுப் பணிப்பதிவுத் தளமான ஃபேப்ரிகேட்டரில் கோரிக்கை பதிய வேண்டும். அங்குள்ள பொறியாளர்கள் முதலில் கேட்பது, சமூகம் ஒப்புக்கொண்டதற்கு அத்தாட்சியான உரையாடல் எங்கே என்பதைத்தான். விவாதத்துக்கு ஓரிடம், வேலைக்கு ஓரிடம், இரண்டையும் இணைக்க ஒரு சுட்டி என்று அந்த ஏற்பாடு தெளிவாக அமைந்திருக்கிறது.

இந்தத் தெளிவு பிரயத்தனம் செய்து பெற்றது. 2013-ஆம் ஆண்டளவில் விக்கிமீடியாவின் பொறியியல் வேலை, பிழைகளுக்கு பக்ஜில்லா, நிரல் பரிசீலனைக்கு கெரிட், சில அணிகளுக்கு டிரெல்லோ, வேறு சில அணிகளுக்கு மிங்கிள், சர்வர் நிர்வாகத்துக்கு ஆர்.டி. என்று பல கருவிகளில் சிதறிக் கிடந்தது. ஒரு குறையைப் பதிந்த தன்னார்வலர், அதற்குரிய வேலை தாம் நுழைய முடியாத வேறொரு பலகையில் நடந்துகொண்டிருப்பதை அறியாமலே காத்திருக்க நேரும். இந்நிலையில் அவர்கள் முதலில் செய்தது, எந்தக் கருவி சிறந்தது என்ற வாதத்தை ஒத்திவைத்துவிட்டு, யார் யாருக்கு எது எது தேவை என்று எல்லோரையும் கேட்டுத் தொகுத்தது. அதன் பின்னரே மாற்றுக் கருவிகளை அந்தத் தேவைகளோடு பொருத்திப் பார்த்தார்கள். 2014-இல் பொது அபிப்பிராயம் கோரி, ஃபேப்ரிகேட்டர் என்ற ஒன்றில் பலவற்றையும் ஒருங்கிணைக்கத் தீர்மானித்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் பக்ஜில்லாவின் பதிவுகள் அனைத்தும் புதிய தளத்துக்குப் பெயர்ந்தன.

அந்தப் பெயர்ச்சியில் ஒரு சிறு நுட்பம் கவனிக்கத்தக்கது. பழைய பிழை எண் ஒவ்வொன்றோடும் 2000 என்பதைக் கூட்டிப் புதிய எண்ணை அமைத்தார்கள். பழைய 1 புதிய 2001 ஆயிற்று. ஆகவே, பல ஆண்டுகளாகப் பல பக்கங்களிலும் நிரல் குறிப்புகளிலும் எழுதப்பட்டிருந்த எண்கள் ஒன்றுகூட அநாதையாகிவிடவில்லை. பழைய சுட்டியைச் சொடுக்கினாலும் புதிய இடம் வந்து சேரும். கருவியை மாற்றினாலும் ஞாபகத்தை இழக்கலாகாது என்ற கொள்கையை ஒரு கூட்டல் கணக்கு காப்பாற்றியது.

அந்தத் தேர்வும் நிரந்தரமாக இருக்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். 2021-இல் ஃபேப்ரிகேட்டரை உருவாக்கியவர்கள் அதன் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் அது கட்டற்ற மென்பொருளாக இருந்தபடியால், ஃபோர்ஜ் என்ற பெயரில் அதன் கிளை ஒன்றைச் சமூகத்தவரே எடுத்து வளர்த்தார்கள். தளம் ஒரு நாளும் மூடப்படவில்லை.

இரவல் கருவியின் ஆயுள்

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. லினக்ஸ் கெர்னலை உருவாக்குகிறவர்கள் 2002 முதல், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் பிட்கீப்பர் என்ற தனியுரிமைக் கருவியை, நிறுவனம் இலவசமாக அளித்த அனுமதியின் பேரில் பயன்படுத்திவந்தார்கள். அது கூடாது என்று எச்சரித்தவர்களின் பேச்சு அப்போது எடுபடவில்லை. 2005-இல் ஒரு தகராறின் விளைவாக அந்த இலவச அனுமதி விலக்கப்பட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு, அவ்வாண்டு ஏப்ரலில் கிட் என்ற புதிய கருவியை எழுதத் தொடங்கினார். ஜூனில் வெளியான கெர்னல் பதிப்பு அதைக் கொண்டே நிர்வகிக்கப்பட்டது. டோர்வால்ட்ஸ் இருந்ததால் அந்தச் சமூகம் பிழைத்தது. கல்லூரிக் குழுவில் டோர்வால்ட்ஸ் இருப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆயிரக்கணக்கான திட்டங்களுக்கு வீடாக இருந்த கூகுள் கோடு 2016-இல் மூடப்பட்டது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் முதலிய தமிழ்க் குழுக்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கூடிப் பேசிய யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முற்றாக நின்றன. மொழிபெயர்ப்பாளர்கள் விரும்பிப் பயன்படுத்திய டிரான்சிஃபெக்ஸ், கட்டற்ற மென்பொருளாகத் தொடங்கி, 2013-இல் தன் மூலநிரலை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. அரட்டைக் கருவியான ஸ்லாக் 2022-இல் தன் இலவசக் கணக்குகளில் 90 நாட்களுக்கு முந்தைய செய்திகளை மறைத்தது. 2021-இல் ஃப்ரீநோட் அரட்டை வலையின் நிர்வாகம் கைமாறியபோது, உபுண்டுவும் விக்கிமீடியாவும் உட்படப் பல சமூகங்கள் சில நாட்களுக்குள் லிபெரா என்ற புதிய வலைக்குக் குடிபெயர நேர்ந்தது. ஜிராவைச் சொந்த சர்வரில் நிறுவியிருந்தவர்களுக்கும் அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2024 பிப்ரவரியோடு முடிந்தது. இவற்றுக்காக யாரையும் குற்றம் சொல்வது நம் நோக்கமன்று. ஒவ்வொரு நிறுவனமும் தன் வியாபாரத்துக்கு உசிதமானதைச் செய்தது. அதனாலேயே நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இங்கே பலரும் கவனிக்கத் தவறுகிற உண்மை ஒன்று உண்டு. கிட் என்ற கருவியின் அமைப்பின்படி, திட்டத்தைப் பிரதி எடுத்தவர் ஒவ்வொருவரிடமும் மூலநிரலின் முழுச் சரித்திரமும் இருக்கிறது. கிட் திட்டங்கள் பல குடியிருக்கும் கிட்ஹப் தளம் நாளைக்கே நின்றுபோனாலும் நிரல் அழியாது. ஆனால் அந்த நிரல் ஏன் அப்படி எழுதப்பட்டது, எந்த யோசனை ஏன் நிராகரிக்கப்பட்டது, எந்தக் குறை இன்னும் மிச்சமிருக்கிறது என்கிற விவாதங்களும் பதிவுகளும் அந்தப் பிரதியில் வருவதில்லை. அவை தளத்தின் சர்வரில்தான் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 2018-இல் கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு வாங்கியபோது பெற்றது வெறும் நிரல் கிடங்கை என்று நினைத்தால் தவறு. அதன் மதிப்பில் பெரும்பகுதி அங்கே கூடிய மக்களிலும் அவர்களுடைய பேச்சிலும் இருந்தது. கட்டற்ற மென்பொருள் திட்டங்களான ஜினோம் 2018-லும் கே.டி.இ. 2020-லும் தாங்களே நிறுவிய கிட்லேப் தளத்துக்கு இடம்பெயர்ந்ததற்கு, தங்கள் சமூகத்தின் இந்த ஞாபகத்தைத் தங்கள் காவலிலேயே வைத்துக்கொள்ளும் விருப்பமும் ஒரு காரணம்.

சுதேசிக் கருவி போதுமா?

இவ்வளவையும் கேட்ட கேளம்பாக்கத்து வாசகர் ஒருவர், நம்முடைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, கூடுவாஞ்சேரிக்கு அருகே வல்லாஞ்சேரியில் தலைமையகம் வைத்திருக்கும் ஜோஹோ இருக்கும்போது அயல்நாட்டாரை ஏன் நாட வேண்டும் என்று கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. 1996-இல் தொடங்கிய அந்த நிறுவனம் 2006 முதல் ஜோஹோ புராஜெக்ட்ஸ் என்ற திட்ட மேலாண்மைக் கருவியை உலகெங்கும் விற்றுவருகிறது. தமிழ்நாட்டிலிருந்து அத்தகைய படைப்பு வெளிவருவதில் எவரும் பெருமைப்படலாம். சிறு தொழில் நடத்துகிறவரோ, விழா ஏற்பாடு செய்கிறவரோ அதைத் தேர்ந்தெடுத்தால் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை.

எனினும் கட்டற்ற மென்பொருள் சமூகம் கேட்க வேண்டியது, கருவி எந்த ஊரில் பிறந்தது என்பதைவிட, அதன் மூலநிரலைப் பார்க்க முடியுமா, வேறு சர்வரில் நிறுவிக்கொள்ள முடியுமா, நமது பதிவுகளை முழுமையாக எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா என்பவற்றையே. இந்த மூன்றில் முதல் இரண்டுக்கும் ஜோஹோவிலும் ‘முடியாது’ என்பதே விடை. கிட்ஹப்பின் பொதுத் தளத்திலும் அதே விடைதான். அருகிலிருப்பது சுதந்திரத்துக்கு ஈடாகாது. ஒரு குழு இவற்றில் ஒன்றைச் சௌகரியம் கருதி ஏற்றால், மூன்றாவது கேள்விக்கேனும் திருப்தியான விடை பெற்றுக்கொண்டு ஏற்க வேண்டும்.

தமிழ் முயற்சிகள் காட்டும் வழி

நமக்கு முன்மாதிரிகள் இல்லாமலில்லை. 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனனும் ஒருங்கிணைக்க, ஒருவரை ஒருவர் நேரில் காணாத தன்னார்வலர்கள் பல நாடுகளிலிருந்து தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் அனுப்பிய பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கியது. அவர்களுடைய கருவி மின்னஞ்சலும் சாதாரண எழுத்துக் கோப்பும்; அவ்வளவுதான். கோப்பு எல்லோருக்கும் திறந்திருந்ததால், முதலில் டிஸ்கி குறியேற்றத்தில் இருந்தவற்றைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது. சென்னையின் லினக்ஸ் பயனர் குழு, 1990களின் இறுதியிலிருந்து மின்னஞ்சல் வழியாகப் பேசியும், சென்னை ஐ.ஐ.டி.யில் மாதந்தோறும் நேரில் கூடியும் தன்னை நிலைநிறுத்திக்கொண்டது. நேரில் கூடுவதும் ஒரு கருவியே. அதற்கு ஈடான மென்பொருளை இதுவரை எவரும் எழுதவில்லை. 2012 ஜனவரியில் இதழாகத் தொடங்கிய கணியம், செய்ய வேண்டிய வேலைகளின் யோசனைகளைக் கிட்ஹப்பில் இஷ்யூக்களாக எவரும் பார்க்கும்படி வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. புதிதாக வரும் மாணவர், எவரையும் கேட்காமல், தமக்கேற்ற ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்ச் சூழலுக்கென்றே சில தேவைகளும் இருக்கின்றன. நம் தன்னார்வலர்களில் பலரிடம் இருப்பது கைப்பேசி மட்டுமே. ஆகவே கைப்பேசியின் உலாவியில் சிரமமின்றித் திறக்காத கருவி, எத்தனை வசதிகள் உடையதானாலும் பயன்படாது. மொழிபெயர்ப்புக்கும் மெய்ப்புக்கும் வருகிற தமிழாசிரியர்களும் ஓய்வு பெற்றவர்களும் நிரல் எழுதுகிறவர்கள் அல்லர். அவர்களுக்கு வெப்லேட், பான்டூன் போல், ஒருபுறம் மூல வாக்கியமும் மறுபுறம் தமிழ் எழுதும் இடமுமாக அமைந்த எளிய திரை வேண்டும். பார்வையற்றவர்கள் திரைவாசிப்பானைக் கொண்டு வேலை செய்கிறார்கள். அட்டைகளைச் சுட்டியால் இழுத்து நகர்த்தியே தீர வேண்டிய பலகை அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

பராமரிப்பும் கணக்கும்

அப்படியானால் எல்லாவற்றையும் நம் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்வதுதான் உத்தமமா என்றால், அதற்கும் அவசரப்பட்டு ஆம் என்று சொல்லலாகாது. கிட்டீ, ஃபோர்ஜியோ போன்றவை கையகலக் கணினியிலும் ஓடக்கூடிய சிக்கனமான மென்பொருள்கள்; கிட்லேப் அதிக நினைவகம் கேட்கும்; ரெட்மைன், டைகா, ஓப்பன்புராஜெக்ட் முதலியவை திட்டமிடலுக்கும், ஜூலிப், மேட்டர்மோஸ்ட், மேட்ரிக்ஸ் முதலியவை உரையாடலுக்கும் கட்டற்ற மென்பொருளாகவே கிடைக்கின்றன. நிறுவுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றுவதும், பிரதி எடுத்து வைப்பதும், குப்பைக் கணக்குகளைக் களைவதும், டொமைன் பெயருக்கான சந்தாவை நினைவு வைத்துக் கட்டுவதும் ஆண்டு முழுவதும் உள்ள வேலை. நிறுவிய மாணவர் நான்காம் ஆண்டு முடித்துப் பெங்களூருக்குப் போய்விட்டால், கடவுச்சொல்லும் அவரோடு போய்விடுகிறது.

ஏரிகள் நிறைந்த இந்த வட்டாரத்துக்கு இந்தப் பிரச்சினை புதியதன்று. ஏரியை ஒருமுறை வெட்டிவிடலாம். தூர் வாருவதும் கரையைக் காப்பதும் ஆண்டுதோறும் செய்தாக வேண்டியவை. அதற்காகவே, முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுப்பதையும், அவர்கள் பதவிக்காலம் 360 நாட்கள் என்பதையும், கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் பதவிக்கு வரலாகாது என்பதையும் கல்லில் எழுதிவைத்தன. நிலமும் கல்வியும் உடையவர்க்கே இடமளித்த அச்சபையின் குறுகலை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. பொறுப்பு ஒருவரிடம் தேங்காமல் சுழல வேண்டும், கணக்கு எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்கிற விதிகளைப் பின்பற்றலாம். சர்வரின் சாவி குறைந்தது மூவரிடம் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் ஆண்டுதோறும் மாற வேண்டும். செலவு எவ்வளவு, யார் தந்தது என்பது பொதுப் பக்கத்தில் எழுதப்பட வேண்டும். இந்த மூன்றையும் செய்ய ஆளில்லாத குழு, சொந்த சர்வர் என்ற பெருமையை ஒத்திவைத்துவிட்டு, கோட்பெர்க் போன்ற லாப நோக்கமற்ற சங்கத்தின் தளத்திலோ கிட்லேப்பிலோ கிட்ஹப்பிலோ இடம் பெற்றுக்கொள்வதே விவேகம்.

முடிவாக

கல்லூரிக் குழு ஒன்று நம்மிடம் யோசனை கேட்குமானால், சொல்லக்கூடியது இதுதான். முதலில் கருவிகளின் பட்டியலை மூடிவிட்டு, உங்களிடம் வரப்போகிறவர் யார் யார் என்று எழுதுங்கள்: நிரல் எழுதுகிற மாணவர், மெய்ப்புப் பார்க்கும் ஆசிரியை, கைப்பேசி மட்டும் உள்ளவர், திரைவாசிப்பான் கொண்டு படிக்கிறவர், வெளிநாட்டிலிருந்து நள்ளிரவில் வருகிறவர். அவர்களுடைய தேவைகளைப் பொதுவில் வைத்து இரண்டு வாரம் பேசுங்கள். பிறகு நிரலுக்கும் பிழைப்பதிவுக்கும் ஒரே தளம், உரையாடலுக்கு ஒன்று என்று இரண்டோடு நிறுத்துங்கள். மூன்றாவது கருவி வேண்டும் என்று கேட்கிறவர், இருக்கிற இரண்டில் எதை விடலாம் என்றும் சொல்ல வேண்டும் என விதி செய்யுங்கள். உரையாடலுக்கு, தலைப்பு வாரியாகப் பேச்சைப் பிரித்து வைக்கும் ஜூலிப்பும், எவரும் தம் சர்வரை நிறுவி இணைந்துகொள்ளக்கூடிய மேட்ரிக்ஸும் நமது அபிப்பிராயத்தில் ஏற்றவை. புதியவர்களை அழைத்துவர வாட்ஸ்அப்போ டெலிகிராமோ இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அங்கே பேசி முடிவானது எதுவும், பிழைப்பதிவுத் தளத்தில் எழுதப்படும்வரை முடிவாகாது என்பதைக் குழுவின் முதல் சட்டமாக வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவுகள் அனைத்தையும் ஏற்றுமதி செய்து, வேறோர் இடத்தில் இறக்கிப் பார்த்து, அவை உண்மையிலேயே திறக்கின்றனவா என்று சோதியுங்கள். சோதித்துப் பார்க்காத பிரதியை நம்பிக் கணினித் தொழிலில் ஏமாந்தவர் பலர்.

பழைய மகாபலிபுரம் சாலையின் பொறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இத்தகைய கருவிகளை நிர்வகிக்கும் தேர்ச்சி உங்களிடம் இருக்கிறது. பக்கத்துக் கல்லூரிகளின் குழுக்களிடம் உற்சாகம் இருக்கிறது, ஆண்டுதோறும் கலைந்துபோகும் நிர்ப்பந்தமும் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை உங்களில் ஒருவர் ஒரு குழுவின் சர்வருக்கும் பதிவுகளுக்கும் பொறுப்பேற்றுக்கொண்டால், அடுத்த ஆண்டு வரும் மாணவர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிராது. புதிய நிரல் எழுதுவதைக் காட்டிலும் இந்த உதவியே இன்று இவ்வட்டாரத்துக்கு அதிகம் தேவைப்படுகிறது.